காலி இருக்கையின் சம்மதம்

ஹபாகத் என்ற நிறுவனத்தின் விமானங்களில் இருக்கையைச் சாய்ப்பது முன்பெல்லாம் ஒரு பொத்தானை அழுத்துகிற வேலையாகத்தான் இருந்தது. பிறகு செபூவிலிருந்து வந்த விமானம் ஒன்றில் இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். முன்னால் இருந்தவர் சாய்ந்தார், பின்னால் இருந்தவரின் நூடுல்ஸ் கவிழ்ந்தது, ஒரு பல் விழுந்தது. அது யாருடைய பல் என்பது இன்னும் முடிவாகவில்லை. இருவருமே தங்களுடையது இல்லை என்கிறார்கள். நிறுவனம் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கிறது.

அந்தப் பல்லிலிருந்து பிறந்ததுதான் மணிலா விமான நிலையத்தில் இருக்கும் சாய்வு மரியாதை அலுவலகம். திறப்பு விழாவில் பாதிரியார் வந்து, பயிற்சிக்காகப் போட்டிருந்த இரண்டு இருக்கைகளுக்கும் புனித நீர் தெளித்தார். எல்லோரும் தேசிய கீதம் பாடினார்கள். இயக்குநர் அட்டர்னி டிமாயுகாவின் முகம் போட்ட பெரிய பேனரைக் கட்டினார்கள். பேனரில் அவருடைய ஒரு காது மட்டும் ஒரு இருக்கை அகலம் இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாப் பொத்தான்களுக்கும் மூடி போட்டுப் பூட்டிவிட்டார்கள். சாவி பணிப்பெண்ணிடம் இருக்கும். சாய விரும்புகிறவர் கையைத் தூக்க வேண்டும். பணிப்பெண் ஒரு சின்ன வெண்கல மணியோடு சாட்சியாக வந்து நிற்பாள். பயணி எழுந்து, பின்பக்கம் திரும்பி, வலது கையை நெஞ்சில் வைத்து, "பின்னால் அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரிய மேம்சார், நான் சாய்ந்துகொள்ள உங்கள் சம்மதம் உண்டா?" என்று கேட்க வேண்டும். பின்னால் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதற்குள் தப்பாகிவிடக் கூடாது என்பதால் எல்லோரும் மேம்சார். சம்மதம் வாய்விட்டு வர வேண்டும். எங்கள் ஆட்கள் ஆமாம் என்பதற்குப் புருவத்தைத் தூக்குவார்கள். புருவம் செல்லாது என்று அலுவலகம் தனிச் சுற்றறிக்கை விட்டது.

சம்மதம் வந்தால் மணி அடிக்கும், பூட்டுத் திறக்கும். ஆனால் சம்மதம் சொன்னவருக்கு இப்போது மூச்சு முட்டும். அவர் எழுந்து தனக்குப் பின்னால் இருப்பவரிடம் கேட்பார். அவர் அடுத்தவரிடம். இப்படியே போய்க் கடைசி வரிசையில் முடியும். அங்கே கழிவறைச் சுவர் இருப்பதால் இருக்கை சாயவே சாயாது. விமானம் முழுவதின் மரியாதையையும் அந்த வரிசைதான் மடியில் வாங்கிக்கொள்ளும். அதற்கு 'நன்றி வரிசை' என்று பெயர் வைத்து, ஆளுக்கு ஒரு இஞ்சி மிட்டாய் கொடுத்தார்கள்.

உண்மையில் அவ்வளவு தூரம் போவது அபூர்வம். எங்கள் ஊர்ப் பக்கம் யாரும் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல மாட்டார்கள். 'உங்க இஷ்டம்' என்பார்கள். அதைக் கேட்டதும் முன்னால் இருப்பவருக்குக் கூச்சம் வந்துவிடும். பரவாயில்லை, பரவாயில்லை என்று உட்கார்ந்துவிடுவார். ஆகவே விமானத்தில் எல்லோரும் எல்லோருக்கும் சம்மதம் கொடுத்துவிட்டு, எல்லோரும் நிமிர்ந்தே பயணம் செய்தார்கள். புகார்கள் நின்றுவிட்டன. அலுவலகத்துக்கு நிறுவனம் ஒரு கேடயம் கொடுத்தது.

பானிங் அக்காவுக்கு இதெல்லாம் தெரியாது. அவர் வளைகுடாவில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். கனத்த கிழவர். அவரைத் தூக்கி உட்காரவைத்து, தூக்கிப் படுக்கவைத்து, அக்காவின் முதுகு போய்விட்டது. இங்கே காபிஸில் அவருடைய வீட்டுக்காரர் சாந்தோ அண்ணன் ஆட்டோ ஓட்டினார். நெடுநெடுவென்று இருப்பார். முழங்கால் இரண்டும் வண்டியின் கைப்பிடியில் இடிக்கும். அதனால் கால்களை அகட்டி வைத்து, கொக்கு முட்டையின்மேல் உட்கார்ந்த மாதிரி ஓட்டுவார். அக்கா விடுமுறையில் வந்தால் சாயங்காலங்களில் வீட்டு மூங்கில் படியில் இரண்டு பேரையும் பார்க்கலாம். அண்ணன் மேல்படியில், அக்கா கீழ்ப்படியில். அவருடைய முழங்கால்களில் முதுகைச் சாய்த்து அக்கா கண்ணை மூடியிருப்பார். அண்ணன் நரைமுடி தேடிப் பிடுங்கிக்கொண்டிருப்பார். பிறகு, இனியும் பிடுங்கினால் தலையே காலியாகிவிடும் என்கிற நிலை வந்ததும், தேடுகிற மாதிரி பாவனை மட்டும் செய்வார்.

அந்தச் சாந்தோ அண்ணன் ஒரு நாள் காலையில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே சரிந்து இறந்துபோனார். அக்காவுக்கு விடுப்பு கிடைக்கும்வரை சவப்பெட்டியைத் திறந்தே வைத்திருந்தோம். சாவு வீட்டில் சீட்டாட்டமும் காப்பியும் ஓய்ந்துபோகிற அளவுக்கு நாட்கள் ஆயின. இனி உடம்பு தாங்காது என்று உடலைப் பதப்படுத்தியவர் சொல்லிவிட்டார். அக்கா வரும் நாளன்று மாலையில் அடக்கம் என்று பாதிரியாரிடம் நேரம் வாங்கினோம். அவர் மணிலாவில் இறங்கி, பிற்பகலில் எங்கள் பக்கத்து ரோஹாஸுக்குப் போகும் விமானத்தைப் பிடித்தால் முகத்தைப் பார்க்கலாம். தவறினால் பெட்டியை மூடிவிடுவோம்.

வளைகுடாவிலிருந்து மணிலா வந்த ஹபாகத் விமானத்தில் பானிங் அக்காவுக்குப் பின்னால் இருந்த இருக்கை காலி. கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் முதுகில் நெருப்பு வைத்த மாதிரி வலி. பொத்தானைத் தேடினார், மூடி இருந்தது. கையைத் தூக்கினார். ஜோவெலின் என்ற பணிப்பெண் மணியோடு வந்தாள். சின்னப் பெண். பின்னிருக்கை காலியாக இருப்பதைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது.

"அக்கா, பின்னாடி ஆள் இல்லையே. யார்கிட்ட சம்மதம் கேப்பீங்க?"

"ஆள் இல்லைன்னா யாருக்கும் தொந்தரவு இல்லதானே, தங்கச்சி?"

"தொந்தரவு இல்ல. ஆனா சம்மதமும் இல்லையே."

சம்மதம் இல்லாமல் திறந்தால் தன் வேலை போய்விடும் என்று ஜோவெலின் விளக்கினாள். நின்றுகொண்டே இருந்தாள், போகவும் மனம் வரவில்லை. வலியில் அக்காவுக்கு யோசிக்க முடியவில்லை. எங்கள் பக்கம் காட்டு வழியில் புற்றையோ பெரிய மரத்தையோ கடக்கும்போது, கண்ணுக்குத் தெரியாமல் அங்கே இருப்பவர்களிடம் 'கொஞ்சம் வழி விடுங்க, மன்னிச்சுக்கோங்க' என்று சொல்லிவிட்டுத்தான் போவோம். அந்தப் பழக்கத்தில் அவர் எழுந்து, காலி இருக்கையைப் பார்த்து, நெஞ்சில் கை வைத்து, "மன்னிச்சுக்கோங்க, கொஞ்சம் சாஞ்சுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டார்.

"சாஞ்சுக்கோ. நான் இருக்கேன்."

கரகரத்த ஆண் குரல். மெதுவாக வந்தது. சுற்றி இருந்தவர்கள் தூக்கத்தில் இருந்தார்கள். ஜோவெலினுக்கும் கேட்டது. அவள் கை மயிரெல்லாம் எழுந்து நின்றது. ஆனால் பயிற்சி பெரிய விஷயம். "நன்றி மேம்சார்" என்று காலி இருக்கைக்குத் தலை குனிந்தாள், மணி அடித்தாள், பூட்டைத் திறந்தாள், வேகமாகப் போய்விட்டாள்.

பானிங் அக்கா சாய்ந்தார். இருக்கைத் துணிக்குப் பின்னாலிருந்து இரண்டு முழங்கால்கள் முதுகில் பதிந்தன. வலிக்கிற இடத்தில், சரியாக, இரண்டு பக்கமும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் போய்விடும் என்று பயம். செய்தி வந்த நாளிலிருந்து தூங்காதவர் அப்போது தூங்கினார். மணிலாவில் சக்கரம் தரையைத் தொட்டபோது, உச்சந்தலையில் ஒரு முடியை யாரோ இழுத்த மாதிரி இருந்தது, விழித்தார்.

வாசலில் அலுவலகத்து ஆட்கள் காத்திருந்தார்கள். ஆள் இல்லாத இருக்கையிலிருந்து சம்மதம் வந்திருக்கிறது என்று விமானத்திலிருந்தே தகவல் போய்விட்டது. அக்காவை ஒருவர் கூட்டிப்போனார். சம்மதம் சொன்ன அந்த இன்னொருவரையும் கூட்டிவர வேண்டும் என்று உத்தரவு. அதனால் இரண்டு காவலர்கள் காலி இருக்கை அருகே போய், "வாங்க மேம்சார்" என்று அழைத்து, தங்களுக்கு நடுவே ஓர் ஆள் அகலம் இடம் விட்டு நடந்தார்கள். கூட்டமான நடைபாதை. பெட்டி தள்ளிக்கொண்டு வந்தவர்களெல்லாம் அந்த இடைவெளிக்குள் புகாமல் ஒதுங்கிப் போனார்கள். ஏன் ஒதுங்கினோம் என்று அவர்களுக்கே தெரியாது. ஒரு காவலர் மட்டும் தன் வலது தோள் சில்லென்று இருப்பதாகச் சொல்லிக் கையைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

அலுவலகத்தில் முதலில் ஜெபம். பிறகு தேசிய கீதம். பிறகு சிற்றுண்டி, எல்லோருக்கும் ஒரு தட்டு சேமியா. பயிற்சி இருக்கைகளில் ஒன்றில் அந்த இன்னொருவரை உட்கார வைத்து, அவர் முன்னாலும் ஒரு தட்டு வைத்தார்கள். எங்கள் ஊரில் இறந்தவர்களுக்குத் தட்டு வைப்பதும் அப்படித்தான்.

அட்டர்னி டிமாயுகா தன் தோல் நாற்காலியில் இருந்தார். அது படுக்கைபோல் சாயக்கூடியது. அவர் சாய்ந்தால் நாற்காலியின் தலை, பின்னால் இருக்கும் செயலாளர் லூமெனின் மேசைமேல் வந்து படியும். லூமென் சுவருக்கும் மேசைக்கும் நடுவில் ஒடுங்கி, பக்கவாட்டில் திரும்பித் தட்டச்சு செய்வார். அவருடைய மேசையில் ஓர் இழுப்பறை இருந்தது. அலுவலகம் திறந்த நாளிலிருந்து அதை இழுக்க இடம் கிடைத்ததில்லை.

பக்கத்தில் எஞ்சினியர் பங்கானிபன் உட்கார்ந்திருந்தார். பூட்டுகளைக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

"எந்த ஊரும்மா?" என்று எஞ்சினியர் கேட்டார்.

"காபிஸ், சார்."

"ஓ, காபிஸா. அப்போ நீங்களே பறந்து வந்திருக்கலாமே. விமானம் எதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். காபிஸ் ஆட்கள் ராத்திரியில் உடம்பைப் பாதியாகப் பிரித்துக்கொண்டு பறப்பார்கள் என்பது நாடு முழுக்க உள்ள பழைய கிண்டல். காபிஸ் ஆட்கள் சிரிக்கும் விதத்தில் பானிங் அக்காவும் கொஞ்சம் சிரித்துவைத்தார். பிறகு தனக்கு விமானம் இருக்கிறது என்றும், அடக்கம் இருக்கிறது என்றும் சொல்ல வாயெடுத்தார். அட்டர்னி கையைத் தூக்கி நிறுத்தினார். அவருடைய தொடக்க உரை இன்னும் முடியவில்லை, தொடங்கவும் இல்லை.

"மேம், ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோங்க" என்று நாற்காலியைச் சாய்த்தபடியே அவர் ஆரம்பித்தார். பின்னால் லூமென் தன் காப்பிக் கோப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "நான் எப்பவும் முதல் வரிசைலதான் போவேன். எனக்கு முன்னால வெறும் சுவர்தான். இத்தன வருஷத்துல ஒரு சீட்டுகூட என்மேல சாஞ்சது கிடையாது. அதனாலதான் இந்த விஷயத்துல என்னால நடுநிலையா இருக்க முடியுது. மரியாதைன்னா என்ன? அடுத்தவங்ககிட்ட கேக்கறது. யாரும் யாரையும் கேக்காம எதையும் செய்யக் கூடாது. என் சொந்த வாழ்க்கைல அந்தச் சூழ்நிலையே வரல. ஆனா உங்களுக்காக நான் அதைப் பத்தி ரொம்ப யோசிச்சிருக்கேன்."

கை தட்டினார்கள். லூமென் கோப்பையைப் பிடித்திருந்ததால் தட்டவில்லை.

பிறகு ஜோவெலினைக் கூப்பிட்டார்கள். குரல் கேட்டது உண்மை என்று அவள் சொன்னாள். குரல் மரியாதையாக இருந்ததா என்று அட்டர்னி கேட்டார். அன்பாக இருந்தது என்றாள். அன்புக்கு விதியில் இடம் இல்லை, மரியாதையைப் பற்றி மட்டும் சொல் என்றார்கள்.

கடைசியில் விஷயம் இரண்டாகச் சுருங்கியது. குரலை யார் என்று தெரியாது என்று பானிங் அக்கா சொன்னால், அவர்மேல் தப்பில்லை. கேட்டார், சம்மதம் வந்தது, சாய்ந்தார். உடனே ரோஹாஸ் விமானத்துக்குப் போகலாம். தெரிந்தவர் என்றால், பட்டியலில் இல்லாத ஒரு பயணியை உள்ளே கூட்டிவந்தவர் ஆகிவிடுவார். விசாரணை முடியும்வரை இங்கேயே இருக்க வேண்டியிருக்கும்.

"சிம்பிள் மேம்" என்றார் எஞ்சினியர். "தெரியாதுன்னு ஒரு வார்த்தை. வாசல் அந்தப் பக்கம்." உதட்டைக் குவித்து வாசலைக் காட்டினார்.

பானிங் அக்கா வாசலைப் பார்த்தார். பிறகு காலி இருக்கையைப் பார்த்தார். தட்டில் சேமியா ஆறிப்போயிருந்தது. ஆவி பறக்க வைத்தால்தான் சாந்தோ சாப்பிடுவார். ஊரில் பெட்டி திறந்திருந்தது, முகம் காத்திருந்தது. அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமானால், இங்கே இருப்பவரை யாரென்றே தெரியாது என்று அவர் காதுபடச் சொல்ல வேண்டும்.

"அது என் வீட்டுக்காரர்" என்றார். "பேரு சாந்தோ. அவரைப் புதைக்கத்தான் சார் நான் போயிட்டு இருக்கேன்."

எஞ்சினியர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, தன் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். அட்டர்னிக்கு முகம் தெளிந்தது. ஒரு பெயர் கிடைத்துவிட்டதல்லவா.

"இறந்தவங்க எங்க விமானத்துல தாராளமா பயணம் பண்ணலாம் மேம். நாங்க யாரையும் பாகுபாடு பண்றதில்ல. ஆனா கீழ, சரக்கோட. மேல வந்து உக்காந்து, சம்மதமும் குடுத்தது அவரோட தப்பு, உங்க தப்பு இல்ல. நீங்க உண்மையச் சொன்னதுக்காக உங்கள விட்டுடறோம். அவர் இருக்கட்டும்."

"அவர் இல்லாம நான் எப்படி சார் அவரைப் புதைக்கறது?"

"உடம்பு ஊர்லதானே இருக்கு? அது எங்க அதிகாரத்துக்குள்ள வரல. நீங்க தைரியமா புதைக்கலாம்."

ரோஹாஸ் விமானத்துக்குக் கடைசி அழைப்பு ஒலிபெருக்கியில் வந்தது. பானிங் அக்கா நகரவில்லை. அப்போது நாற்காலிக்குப் பின்னாலிருந்து லூமென், தலையை மட்டும் எப்படியோ வெளியே நீட்டி, "நீங்க போங்க அக்கா. நான் பாத்துக்கறேன்" என்றார். அந்த அலுவலகத்தில் அவர் கேட்கப்படாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

அக்கா காலி இருக்கையின் முன்னால் போய் நின்றார். நெஞ்சில் கை வைக்கவில்லை. "போயிட்டு வரட்டுமா?" என்றார். பதிலுக்குக் காத்திருக்க நேரமில்லை. ஓடினார்.

அந்த விமானத்தில் அவர் சாய்ந்துகொள்ளக் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் வெறும் துணிதான் இருந்தது. முழங்கால் எதுவும் இல்லை. ஊருக்கு வந்து முகத்தைப் பார்த்தார், பெட்டியை மூடினோம், இறந்தவர் தேடி வராதிருக்க வழக்கப்படி குழந்தைகளைப் பெட்டிக்கு மேலாகத் தூக்கித் தாண்டவைத்தோம், அடக்கம் முடிந்தது. அன்றைக்கு எல்லோரும் கேட்கிற கேள்வியை நாங்களும் கேட்டோம். அண்ணன் உங்களுக்கு ஏதாவது அடையாளம் காட்டினாரா, கனவில் வந்தாரா?

"மணிலாவுல இருக்காரு" என்றார் அக்கா. "ஆபீஸ்ல. விசாரணை முடியல."

எங்களில் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. பேயை நம்பாதவர்கள்கூட ஆபீஸை நம்பினார்கள்.

பிறகு நடந்ததெல்லாம் லூமென் அவ்வப்போது தொலைபேசியில் சொன்னது. விசாரணை தினமும் ஜெபத்தோடு ஆரம்பித்து, தேசிய கீதத்தைத் தாண்டி, சிற்றுண்டியோடு முடிந்தது. காலி இருக்கையைப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். பதில் வரவில்லை. மௌனம் சம்மதமா மறுப்பா என்று முடிவு செய்ய ஒரு துணைக்குழு போட்டார்கள். லூமென் தினமும் தட்டைச் சூடாக வைத்தார். அது மட்டும் மாலைக்குள், யாரோ சாரத்தை உறிஞ்சிக்கொண்ட மாதிரி, காய்ந்துபோயிருக்கும்.

ஒரு நாள் மதியம் அட்டர்னி சாப்பிட்டுவிட்டு வந்து வழக்கம்போல் நாற்காலியைச் சாய்த்தார். அது நகரவில்லை. அழுத்தினார். முதுகெலும்பின் இரண்டு பக்கமும் எலும்பு மாதிரி ஏதோ குத்தியது. "லூமென், மேசையத் தள்ளு" என்றார். லூமென் அறையின் அந்த மூலையில் கோப்பு அடுக்கிக்கொண்டிருந்தார். நாற்காலிக்குப் பின்னால் யாரும் இல்லை.

எஞ்சினியர் நாற்காலியைப் பிரித்துப் பார்த்து, பழுது இல்லை என்றார். புது நாற்காலி வந்தது. அதுவும் சாயவில்லை. அதே இடத்தில் இரண்டு முழங்கால்கள். அட்டர்னி நாள் முழுவதும் நிமிர்ந்தே உட்கார வேண்டி வந்தது. மற்றவர்கள் எப்படி உட்கார்ந்து வேலை செய்கிறார்கள் என்று கேட்டு ஆச்சரியப்பட்டாராம். லூமெனுக்கு மேசை முழுசாகக் கிடைத்தது. இழுப்பறையை முதல்முறையாக இழுத்துப் பார்த்தார். உள்ளே தச்சன் மறந்துபோன ஓர் ஆணி இருந்தது.

"சார், ஒரு வழி இருக்கு" என்றார் எஞ்சினியர் குரலைத் தாழ்த்தி. "கேட்டுப் பாருங்களேன்."

"யார்கிட்ட?"

எஞ்சினியர் உதட்டால் பின்பக்கம் காட்டினார்.

அட்டர்னி பல நாட்கள் தாங்கினார். எங்கள் ஊரில் சாந்தோ அண்ணனின் நாற்பதாம் நாள் படையலுக்குப் பன்றியை வாட்டிக்கொண்டிருந்த அன்று, அவருடைய முதுகு தோற்றுவிட்டது. எழுந்தார். பின்பக்கம் திரும்பினார். கையை நெஞ்சில் வைப்பதா வயிற்றில் வைப்பதா என்று தடுமாறி, நெஞ்சில் வைத்தார். தானே எழுதிய வாசகம் அவருக்கு மனப்பாடம் இல்லை. எஞ்சினியர் எடுத்துக் கொடுத்தார்.

"பின்னால் அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரிய மேம்சார், நான் சாய்ந்துகொள்ள உங்கள் சம்மதம் உண்டா?"

அறை சில்லிட்டது. பின்னால், தன் மேசையில், லூமென்தான் உட்கார்ந்திருந்தார். தோளில் யாரோ கை வைத்த மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னார்.

"வேண்டாம் சார்" என்றார் லூமென்.

அந்த அலுவலகத்தின் வரலாற்றில் வாய்விட்டுச் சொல்லப்பட்ட முதல் மறுப்பு அது. அட்டர்னிக்கு விளங்கவில்லை. "அப்படிச் சொல்ல விதியில இடம் இருக்கா?" என்று எஞ்சினியரைக் கேட்டார்.

"இருக்கு சார். நீங்க எழுதினதுதான்."

அட்டர்னி மெதுவாக உட்கார்ந்தார், நிமிர்ந்து. அப்போது கதவு தானாகத் திறந்தது. வெளியே நின்ற காவலர், யாருக்கோ வழிவிடுகிற மாதிரி ஒதுங்கி, வலது தோளைத் தேய்த்துக்கொண்டார்.

லூமென் உடனே தொலைபேசியில் கூப்பிட்டார். பானிங் அக்கா கையில் மாவோடு எடுத்தார்.

"அக்கா, கிளம்பிட்டாரு."

"எப்போ?"

"இப்பதான். வழியில எங்கயும் நிக்க மாட்டாருன்னு நெனக்கிறேன்."

நாற்பதாம் நாள் பொழுது சாய்வதற்குள் இறந்தவர்கள் இந்த உலகத்தை விட்டுப் போயாக வேண்டும் என்பது எங்கள் கணக்கு. அக்கா கையைக் கழுவினார். சமையலை எங்களிடம் விட்டுவிட்டு, வாசலுக்கு வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்தார். தலைமுடியை அவிழ்த்து முதுகில் விட்டார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் உள்ளே சத்தம் போடாமல் இருந்தோம்.

ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு பாதையின் குறுக்கே படுத்திருந்த நாய் எழுந்து, வாலைத் தாழ்த்தி, ஓர் ஆள் அகலம் தள்ளிப் படுத்தது. மேல்படியில் மூங்கில் முனகியது.

பானிங் அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. முதுகை நிமிர்த்தியபடியே, "சாஞ்சுக்கட்டுமா?" என்று கேட்டார். பதில் வரும்வரை காத்திருந்தார்.